இரண்டு இருந்தால் போதுமா?

2024 செப்டம்பர் 18, பகல் இரண்டு மணி. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து கிளம்பி, வழக்கமான கண்காணிப்பில் இருந்த ஆளில்லா விமானம் ஒன்றில் கோளாறு ஏற்பட்டது. பறக்கும்போதே சரிசெய்யப் பார்த்தார்கள், முடியவில்லை. கடல் மேல் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்திச் சென்று, சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் கட்டுப்பாட்டோடு இறக்கிவிட்டார்கள். விமானம் போயிற்று. ஒருவருக்கும் கீறல் இல்லை.

மறுநாள் பேச்செல்லாம் அதன் விலையைப் பற்றித்தான். எனக்கு வேறொன்று பட்டது. கோளாறு வந்த பிறகும் அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. ஏறக்குறைய 24 மீட்டர் இறக்கை விரிவுள்ள அந்தப் பொருள் தன் இஷ்டத்துக்கு விழாமல், மனிதர்கள் காட்டிய இடத்தில் போய் விழுந்தது. விமானி உள்ளே இல்லாத வாகனத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

இதே கவலை சின்ன அளவில் இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு. ரேடியோவால் இயக்கும் பெரிய மாடல் விமானங்களைப் பறக்கவிடுகிறவர்களைச் சொல்கிறேன். என் தங்கை மகன் அவர்களில் ஒருவன். மாடல் விமானம் என்றதும் பொங்கல் கடையில் விற்கும் பொம்மையை நினைக்க வேண்டாம். மூன்று மீட்டர் இறக்கை, பெட்ரோல் இஞ்சின், 20 கிலோ எடை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எடை அந்த வேகத்தில் வந்து மோதினால், 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஐந்து மாடி உயரத்திலிருந்து தள்ளிவிட்டதற்குச் சமம். ஆகவேதான் அவர்கள் அதற்குள் ரிசீவரை இரண்டாக வைக்கிறார்கள், பேட்டரியை இரண்டாக வைக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த 'இன்னொன்று' எப்போது காப்பாற்றும், எப்போது காலை வாரிவிடும் என்பதைக் கற்க மனிதர்களுக்கு நூறு வருஷம் பிடித்தது.

ஆளில்லாப் பறத்தலின் ஆரம்பத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்ற உரிமையில் அவரை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்டன் மாக்ஸ் பூஷே. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பர் 14 அன்று, வொசேன் ரக விமானம் ஒன்றை விமானி கை படாமல் 51 நிமிடம், சுமார் 100 கிலோமீட்டர் பறக்கவைத்தார். போர் முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிட்டது.

1935-இல் இங்கிலாந்துக்காரர்கள் 'குயீன் பீ' என்ற விமானத்தைக் கொண்டுவந்தார்கள். பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கு ஒரு பறக்கும் இலக்கு. அதை இயக்கிய விதம் நம் வயதுக்காரர்களுக்குப் பிடிக்கும். பழைய கறுப்பு டெலிபோனில் விரலை விட்டுச் சுழற்றுவோமே, அதே மாதிரி டயல். ஓர் எண்ணைச் சுழற்றினால் இடப்பக்கம், இன்னொன்றைச் சுழற்றினால் வலப்பக்கம். ராணித் தேனீ என்ற அந்தப் பெயரிலிருந்துதான் ஆண் தேனீயைக் குறிக்கும் 'டிரோன்' என்ற பெயர் வந்தது என்று பலரும் சொல்வார்கள்.

மாடல் விமானத்துக்கு ரேடியோ வந்தது 1937-இல். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் எட்டு அடி இறக்கை கொண்ட 'கஃப்' என்ற மாடலைப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள். அவற்றை எரிக்க கனமான பேட்டரிகள். அந்தச் சுமையைத் தூக்கவே விமானம் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ரிசீவரைப் பற்றி நினைக்கவே முடியாது. ஒன்றைத் தூக்கியதே சாதனை.

டிரான்சிஸ்டர் வந்தது, எடை குறைந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று சேர்ந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஓர் அலைவரிசை, அதற்கான கிரிஸ்டல் உள்ளே செருகியிருக்கும். அதே அலைவரிசையில் திடலில் இன்னொருவர் பெட்டியைப் போட்டுவிட்டால், ஆகாயத்தில் இருப்பவருடைய விமானம் அவ்வளவுதான். இதற்குக் கழகங்கள் கண்ட வழி, துணி காயப்போடும் கிளிப்! பலகையில் அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டியிருக்கும். யார் கையில் கிளிப்போ அவர்தான் பெட்டியைப் போடலாம். ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுப்பார்களே, அதே தத்துவம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்த பிறகுதான் கிளிப்புக்கு ஓய்வு கிடைத்தது. பெட்டியும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பெட்டி பேசினாலும் காதில் வாங்காது. நம் நாட்டில் 2005-இல் அந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது.

ஒரு தொல்லை போனால் இன்னொன்று வருவது இயற்கைதானே? புதிய ரிசீவருக்குள் இருப்பது சின்னக் கணினி. மின்னழுத்தம் ஒரு நொடி இறங்கினாலும் அது மயங்கி விழுந்து மறுபடி எழும். ஆரம்ப காலக் கருவிகளில் எழுந்திருக்கச் சில விநாடிகள் ஆயின. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர். மூன்று விநாடி என்றால் 84 மீட்டர். அத்தனை தூரமும் விமானத்துக்கு எஜமானன் இல்லை. பெரிய மாடலில் பத்துப் பன்னிரண்டு சர்வோ மோட்டார்கள் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் முரட்டுத்தனமாக இழுக்கும்போது, பழைய பேட்டரி தாக்குப் பிடிக்காமல் அழுத்தம் சரிந்துவிடும். விபத்துக்குப் பிறகு ரேடியோவைத் திட்டுவார்கள். பல நேரங்களில் குற்றவாளி பேட்டரி, அல்லது அதற்கும் ரிசீவருக்கும் நடுவில் இருந்த ஐம்பது ரூபாய் சுவிட்ச்.

ஆகவே இரண்டு பேட்டரி. சரி, எப்படி இணைப்பது? ஒயரோடு ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் ஆயிற்றா? இதை நம் ஊர் விவசாயிகளிடம் கேட்டால் உடனே பதில் சொல்வார்கள். இரண்டு கிணற்று மோட்டாரை ஒரே பைப்லைனில் சேர்த்தால், நடுவில் தண்ணீர் திரும்பாத வால்வு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஓடுகிற மோட்டார் இறைக்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது, நின்றுபோன மோட்டாரின் கிணற்றுக்குள் இறங்கிவிடும். பேட்டரியும் அப்படியே. ஒன்றின் உள்ளே ஒரு செல் செத்தால், நல்ல பேட்டரி தன் சக்தியை விமானத்துக்குக் கொடுக்காமல் செத்ததற்குள் கொட்டும். அங்கே அந்த வால்வின் வேலையைச் செய்வது டயோடு. ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும். டயோடு தன் பங்குக்குக் கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தின்னும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பேட்டரி இரண்டு, டயோடு இரண்டு, கடைசியில் சுவிட்ச் ஒன்று! பெட்ரோல் இஞ்சின் அதிர்வில் அந்த ஒரு சுவிட்சின் தொடுமுனை தளர்ந்தால் இரண்டு பேட்டரியும் இருந்து என்ன பயன்? எனவே ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஒயர், ரிசீவரில் தனித்தனி செருகுமிடம். பெரிய விமானங்களில் இப்போது மின்னணு சுவிட்ச் வைக்கிறார்கள். அதன் பொத்தான் பிய்ந்து விழுந்தாலும் மின்சாரம் நிற்காது. அணைக்கத்தான் உத்தரவு வேண்டும். ஓடிக்கொண்டிருக்க உத்தரவு தேவையில்லை. யோசித்தவன் புத்திசாலி.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) முக்கியமான பதிவேடு ஒன்றுக்கு மறுபிரதி உண்டு. அழகான கையெழுத்தில் வரிக்கு வரி எழுதியது. மூலமும் மறுபிரதியும் ஒரே பீரோவில், ஒரே தட்டில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. தண்ணீருக்கு எது மூலம், எது மறுபிரதி என்று தெரியாது. கருவூலத்துக்காரர்கள் எங்களைவிடத் தெளிவானவர்கள். பெட்டக அறையின் மாற்றுச் சாவியை அதே கட்டடத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒழுகிய கூரையை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் பெரிய பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் நம் கொங்கு நாட்டு மயில்சாமி அண்ணாதுரை. கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை நட்சத்திரங்களைப் பார்த்துச் சொல்லும் உணர்கருவி அதில் இரண்டு இருந்தது, ஒன்று மாற்று. நவம்பரிலேயே கலத்துக்குள் சூடு 50 டிகிரியைத் தொட, சில கருவிகளை அணைத்துவைத்துச் சமாளித்தார்கள். 2009 ஏப்ரல், மே மாதங்களில் முதலில் ஒரு நட்சத்திர உணர்கருவி போயிற்று, பின்னாலேயே மாற்றும் போயிற்று. இரண்டும் ஒரே கலத்தில், ஒரே சூட்டில், ஒரே கதிர்வீச்சில் இருந்தவை. ஒன்றைக் கொன்றது இன்னொன்றை விட்டுவைக்க என்ன காரணம் இருக்கிறது? அதற்குப் பிறகும் நம்மவர்கள் கலத்தைக் கைவிடவில்லை. உள்ளே சுழலும் ஜைரோ கருவிகளை வைத்துத் திசை கண்டுபிடித்து, சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஏற்றி, ஆகஸ்ட் கடைசி வரை வேலை வாங்கினார்கள். கவனியுங்கள், காப்பாற்றியது இரண்டாவது நட்சத்திர உணர்கருவி அல்ல. முற்றிலும் வேறு ஜாதிக் கருவி.

2013 ஜூலை 1-இல் போன வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ கதை இன்னும் தெளிவு. நேரம் காட்ட ருபீடியம் அணுக் கடிகாரங்கள் மூன்று. ஒன்று ஓடும், மற்றவை மாற்று. மூன்றும் ஒரே வெளிநாட்டு நிறுவனம் செய்த ஒரே வகை. மூன்றரை வருஷத்துக்குள் மூன்றும் நின்றன. ஐரோப்பியர்களின் கலிலியோ செயற்கைக்கோள்களிலும் அதே நிறுவனத்துக் கடிகாரங்கள் சில நின்றன என்பதை நினைத்தால், இது தற்செயல் இல்லை என்பது விளங்கும். மூன்று என்ற எண்ணிக்கை காகிதத்தில்தான் இருந்தது.

இந்த வரிசையில் உயிர்ச்சேதம் நேர்ந்தது 1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவில். டி.சி-10 பயணிகள் விமானம், 296 பேர். வால் பகுதி இஞ்சினின் விசிறித் தட்டு பறக்கும்போதே வெடித்தது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய் அழுத்த அமைப்புகள் மூன்று இருந்தும், மூன்றின் குழாய்களும் வாலில் பக்கத்துப் பக்கத்தில் போயின. சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. விமானிகள் மீதி இருந்த இரண்டு இஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே திருப்பி, சூ சிட்டியில் கொண்டுவந்து போட்டார்கள். 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள்.

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ரிடண்டன்சி' என்ற சொல் எங்களுக்குப் பள்ளியில் 'ரெதோந்தான்ஸ்' என்று அறிமுகமானது. கட்டுரை நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதும் வசவு அது. சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாய் என்று பொருள். தமிழ் இலக்கணத்திலும் 'கூறியது கூறல்' குற்றம்தானே. அலுவலகத்தில் 'உபரி' என்றால் வேறு இடத்துக்குத் தூக்கியடிக்கப்படப் போகிற ஆள். எல்லா மொழியிலும் கெட்ட பெயர் வாங்கிய சொல். ஆனால் அதன் லத்தீன் வேர் 'வழிந்தோடுதல்' என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நம் ஏரிதான் ஞாபகம் வந்தது.

ஏரிக்கு மதகும் உண்டு, கலங்கலும் உண்டு. மதகைத் திறக்க ஆள் வேண்டும். ஐப்பசி அடைமழையில், நடுராத்திரியில், ஆள் வரவில்லை, மதகு சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். கலங்கலுக்கு ஆளும் வேண்டாம், சாவியும் வேண்டாம். நீர்மட்டம் ஏறினால் தானே வழிந்து கரையைக் காப்பாற்றும். மதகுக்குப் பக்கத்தில் இன்னொரு மதகை வைத்துவிட்டுக் கரை காப்பாற்றப்பட்டது என்று நம் முன்னோர்கள் இருந்துவிடவில்லை. வேறு விதமாக வேலை செய்யும் ஒன்றை, வேறு இடத்தில் வைத்தார்கள்.

துலூஸ் நகரத்துப் பொறியாளர்கள் ஏர்பஸ் ஏ-320-இல் செய்ததும் இதைத்தான். 1987 பிப்ரவரியில் முதலில் பறந்த விமானம். விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினிகள் உட்கார்ந்தன. ஏறவும் இறங்கவும் சாயவும் வைக்கும் கணினிகள் ஐந்து. இரண்டு ஒரு வகை, மூன்று இன்னொரு வகை. செயலிகள் வேறு, மென்பொருள் எழுதிய குழுக்கள் வேறு. ஒருவர் செய்த தப்பை இன்னொருவரும் அதே இடத்தில் செய்யக் கூடாது என்பதற்காக.

மாடல்காரர்களிடம் திரும்பி வருவோம். ரிசீவர் விஷயத்தில் அவர்களுக்குள் பட்டிமன்றமே நடக்கிறது. ஒரு கட்சி, ஒரே ரிசீவர் போதும், அதற்குத் துணையாகச் சின்னச் சின்ன வாங்கிகளை விமானத்தில் அங்கங்கே வைத்தால் சரி என்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். இஞ்சின், கார்பன் இழைப் பாகம், ஏன், பறக்கவிடுகிறவரின் உடம்புகூட அதை மறைக்கும். ஆகவே ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைப்பார்கள். இரண்டாவது கட்சி, இரண்டு ரிசீவரையும் ஒரு மின்னணுப் பெட்டியில் சேர்க்கும். ஒன்று போனால் பெட்டி இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும். பெட்டியே போனால்? அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் மௌனம்தான் பதில்.

மூன்றாவது கட்சி விமானத்தையே பாகப்பிரிவினை செய்துவிடுகிறது. இடது இறக்கையும் வாலில் இடது பாதியும் ஒரு ரிசீவருக்கு, வலது பக்கம் இன்னொன்றுக்கு. ஒவ்வொரு ரிசீவருக்கும் அதனதன் பேட்டரி. ஒரு பக்கம் முழுக்கச் செத்தாலும் மறு பக்கத்தை வைத்து நொண்டிக்கொண்டு இறக்கிவிடலாம். இரண்டு ரிசீவரிலும் தொடர்பு அறுந்தால் இஞ்சின் தானே அடங்கும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். நான் இந்தக் கட்சி. எனக்கு ஓட்டு கிடையாது என்பது வேறு விஷயம்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று பாக்கி இருக்கிறது. பேட்டரி ஒன்றே ஒன்றாக இருந்தால், அது செத்த அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடும், விமானம் விழுந்துவிடுமே. இரண்டு இருந்தால், ஒன்று செத்தது தெரியாது. மற்றது ஒன்றும் நடக்காதது போல முழுப் பாரத்தையும் சுமக்கும். அவர் வீட்டுக்குப் போவார், அடுத்த ஞாயிறு வருவார், இரண்டு இருக்கிறது என்ற தைரியத்தில் பறக்கவிடுவார். ஆனால் இருப்பது ஒன்றுதான். கார் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். பிரெஞ்சில் 'ரூ த செகூர்', உதவிக்கு வரும் சக்கரம் என்பார்கள், நமக்கு ஸ்டெப்னி. டிக்கியில் கிடக்கும் அதற்குக் கடைசியாக எப்போது காற்றடித்தீர்கள்?

பழைய விமானிகளுக்கு இதற்குப் பரிகாரம் தெரியும். பிஸ்டன் இஞ்சின் விமானங்களில், நம் பிளையிங் கிளப்புகளில் ஓடிய புஷ்பக் உட்பட, பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இரண்டு. டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு மேக்னெட்டோவைச் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடுபாதையில் ஏறும் முன்பும், விமானி இஞ்சினை வேகமாக ஓடவிட்டு, முதலில் ஒரு மேக்னெட்டோவை வேண்டுமென்றே அணைப்பார். சுற்று வேகம் சற்றுக் குறைய வேண்டும். மறுபடி இரண்டையும் போட்டு, அடுத்ததை அணைப்பார். சற்றும் குறையவில்லை என்றாலும் அவருக்குச் சந்தேகம்தான். அணைத்தது உண்மையிலேயே அணைந்ததா என்று பார்ப்பார். இரண்டும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்து அவர் திருப்தி அடைவதே இல்லை.

என் தங்கை மகன் செய்வதும் இதுதான். ஒரு பேட்டரியை அணைத்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்து எல்லாச் சர்வோக்களையும் ஒரே நேரத்தில் ஆட்டி, மீட்டரில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறான். பிறகு மாற்றிச் செய்கிறான். அதன் பிறகு ஒவ்வொரு ரிசீவரையும் தனியாக வைத்துக்கொண்டு, பெட்டியின் சக்தியைக் குறைத்துத் தூரம் நடந்து பார்க்கிறான். பத்து நிமிஷப் பறப்புக்கு அரை மணி நேரச் சடங்கு. போன முறை அவனோடு வந்த பையன் ஒருவன், "அண்ணா, போன வாரம்தானே பார்த்தோம்?" என்று கேட்டான். இவன் பதில் சொல்லாமல் அடுத்த சுவிட்சை அணைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவனுடைய நோட்டு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகச் சார்ஜ் போடுகிறான். ஒவ்வொன்றும் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி திருப்பி வாங்கிக்கொண்டது என்பதைத் தேதி போட்டு, இடது பத்தியில் ஒன்று, வலது பத்தியில் ஒன்று என்று எழுதுகிறான். இரண்டும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளது கொஞ்சம் அதிகம் கொடுக்கும். ஆனால் வாராவாரம் 400, 370 என்று வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று 740, 20 என்று வந்தால், அந்த இருபதுக்காரர் வேலைக்கு வராமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒயரா, சுவிட்சா, டயோடா, பேட்டரியேதானா என்று கண்டுபிடித்து அந்த வரிக்கு எதிரே எழுதும் வரை விமானம் ஷெட்டை விட்டு வெளியே வராது.

எங்கள் பக்கம் இப்போது நெல் வயலில் மருந்து தெளிக்க டிரோன் வருகிறது. நாற்று நடும் பெண்கள் அடுத்த வயலில் நிற்க, தலைக்குச் சற்று மேலே மருந்துத் தொட்டியோடு அது போகிறது. அடுத்த முறை வரும்போது, அந்தப் பையன்களிடம் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன்.